விதைக்காய் கிலோ 70 ரூபாய்: சின்ன வெங்காயம் நடலாமா?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறது. சின்ன வெங்காயம் நல்ல விலையில் இருப்பதால் நட நினைக்கிறோம். விதைக்காய் (நடுவதற்கான வெங்காயம்) 600 கிலோ, கிலோ 70 ரூபாய். உழவு, எரு, பார் பிடிக்க 12,000. நடவு, களைக்கு 20,000. உரம், மருந்துக்கு 14,000. அறுவடை, தாள் அறுக்க 16,000. மொத்தம் 1,04,000 ரூபாய். 6 டன் விளைந்து 40 ரூபாய்க்குப் போனால் 2,40,000. பாதிக்கு மேல் லாபம் நிற்குமா? – பெரம்பலூர் மாவட்ட வாசகர்

பதில்: செலவை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். வரவுதான் இடிக்கிறது. 6 டன் என்பது எல்லாம் கூடிவந்த போகத்தின் விளைச்சல். அடித்தாள் அழுகலோ, மழைக்காலத்தில் கோழிக்கால் நோயோ தலைகாட்டினால் அது எட்டாது. 4 டன்னுக்குக் கணக்குப் போடுங்கள். அதில் பொடிக்காய், அழுகல் என 400 கிலோ கழித்தால் விலைக்குப் போகும் காய் 3,600 கிலோ.

செலவிலும் மூன்று விட்டுப்போயின. சாக்கு, வண்டி வாடகை கிலோவுக்கு 2 ரூபாய் என்றால் 7,200. வீட்டு ஆள் இருவர் பயிர் நிற்கும் 70 நாளும் தினம் அரை நாள் உழைத்தால் 70 ஆள் கூலி. 400 ரூபாய் வீதம் 28,000. இந்தக் கூலியை எழுதாமல் விடுவதால்தான் பல வீடுகளில் லாபம் இருப்பதுபோலத் தெரிந்து, கையில் காசு தங்குவதில்லை. ஆக மொத்தம் 1,39,200. கிலோவுக்கு 38 ரூபாய் 67 காசு. மூன்றாவது மண்டிக் கமிஷன். அது 10 சதவீதம் என்றால், 43 ரூபாய்க்கு விற்றால்தான் உங்களுக்கு முதல் திரும்பும்.

நீங்கள் நம்பும் 40 ரூபாயில் கைக்காசு போகாது. ஆனால் 28,000 கூலியில் 9,600 குறையும். விலை 25-க்கு இறங்கினால் கமிஷன் போக வருவது 81,000. கையிலிருந்து 30,200 ரூபாய் போய்விடும்.

இறங்குமா என்றால், இறங்க இடமிருக்கிறது. விதைக்காய் 70-க்கு விற்கிறபோது எல்லாரும் நடுகிறார்கள். நட்ட காய் 65, 70 நாளில் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறது. விலை ஏறிய பிறகு நடுபவர், ஏறிய விலைக்கு விதை வாங்கி இறங்கிய விலைக்குக் காய் விற்கிறார். சின்ன வெங்காயத்தில் நட்டம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

விதைச் செலவைக் குறைத்தால்தான் உங்களுக்குப் பிடிமானம். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகத்தை விதை தூவி நாற்றாக வளர்க்கலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். 40 முதல் 45 நாள் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். விதை, நாற்றங்காலுக்கு 12,000, கூடுதல் நடவுக் கூலிக்கு 8,000 என்று வைத்தாலும் விதைக்காய் வாங்குவதைவிட 22,000 மிச்சம். முதல் திரும்பும் விலை 36 ரூபாய்க்கு வந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: வெங்காய விதைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். வாங்கியதும் 100 விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்துவிட்டு நாற்றங்காலில் விடுங்கள்.

விதைக்காய்தான் நடுவதென்றால் அரை ஏக்கர் இப்போது, மீதி 25 நாள் கழித்து. ஒரே வார விலையில் எல்லாக் காயும் மாட்டாது.

கேள்வி: விலை 30-தான் இருக்கிறது. வெங்காயத்தைப் பட்டறை போட்டு (காற்றோட்டமாகக் கூரையின் கீழ் சேமித்து) மூன்று மாதம் வைக்கலாமா?

பதில்: ஒரு டன் வைத்தால் எடை வற்றலும் அழுகலும் சேர்ந்து கால் பங்கு போகும் என்று வையுங்கள், மிஞ்சுவது 750 கிலோ. கிளறிப் பொறுக்கும் கூலி, கூரை வேய்ச்சல் 3,000. இன்றைய 30 ரூபாய்க்குச் சமமாக, அன்று 44-க்குச் சற்று மேலே விற்க வேண்டும். அந்த விலைக்கு வாய்ப்பிருந்தால் வையுங்கள்.

எந்தக் காய் தாங்கும் என்பது வயலிலேயே தீர்மானமாகிவிடும். 30-ஆம் நாள் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. அதோடு யூரியாவை நிறுத்திவிட வேண்டும். பின்னால் போட்டால் கழுத்து தடித்து, உலராமல், அந்தக் கழுத்து வழியாகவே அழுகும். அறுவடைக்கு 10 நாள் முன் தண்ணீரை நிறுத்துங்கள். தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, நன்றாக உலர்த்தி, அடிபட்டதையும் தடித்த கழுத்தையும் பொறுக்கி உடனே விற்றுவிடுங்கள். பட்டறையின் அடி தரையைத் தொடக்கூடாது. அகலம் 4 அடிக்கு மேல் போனால் நடுவே காற்று நுழையாமல் வெந்துவிடும். மழையில் நனைந்து எடுத்த காயைப் பட்டறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வி: மண்டியில் முன்பணம் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வட்டி சொல்லமாட்டார்கள், ஆனால் காய் அங்கேதான் போக வேண்டும், அன்று அவர்கள் சொல்வதே விலை. தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குங்கள். தமிழ்நாட்டில் கெடுவுக்குள் கட்டினால் அதற்கு வட்டியில்லை. கடன் சங்கத்தில் இருந்தால் காயில் ஒரு பங்கையாவது உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். அங்கே கமிஷன் கிடையாது, அடையாள அட்டை மட்டும் வேண்டும். நாளுக்கு 100 கிலோ போனாலும், கிலோ 40 விலையில் 400 ரூபாய் கமிஷன் மிச்சம். அன்று கடையில் உட்காரும் ஆளின் கூலிக்கு அது சரியாகப் போகும். மண்டி விலைக்கு மேல் கிடைப்பதுதான் உங்களுக்கு மிஞ்சும்.