பூர்வீக ஊரைத் தேடித் தனியாக வண்டியில்: கேள்வி பதில்

தாத்தாவோ பூட்டனோ பிறந்த ஊரைத் தேடித் தனியாகப் புறப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கடல் கடந்து போன தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல வருடங்களாகச் சுற்றி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

ஐயா, பூட்டன் பெயருள்ள கப்பல் பட்டியல் நகல் கிடைத்துவிட்டது. ஜில்லா 'நார்த் ஆர்க்காட்' என்று இருக்கிறது. வேலூரில் தங்கித் தேடலாமா? (டர்பன் வாசகர்)

உடனே வேலூரில் ரூம் போடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்தப் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது தாலுகா. அன்றைய வட ஆர்க்காடு இன்று இல்லை. 1911-இல் சித்தூர், சந்திரகிரி பக்கம் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அது இன்று ஆந்திரா. மிச்சத்தை 1989-இல் வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களாகப் பிரித்தார்கள். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தாலுகா போளூர் என்றால் திருவண்ணாமலையில் தங்குங்கள். ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவில் அதே ஓசை வரும் ஊர்களை எல்லாம் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அண்ணா, 'நாகப்பட்டினத்திலிருந்து வந்தோம்' என்பதைத் தவிர பாட்டி எதுவும் சொன்னதில்லை. (கிள்ளான் வாசகி)

நாகப்பட்டினம் பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகம்தான், தங்கச்சி. திருச்சி, சேலம் பக்கத்து ஆட்களும் அங்கே வந்துதான் மலாயாக் கப்பல் ஏறினார்கள். பாட்டியிடம் ஊரை விட்டுவிட்டுச் சாமியைக் கேளுங்கள். குலதெய்வம் எது, முதல் மொட்டை எங்கே எடுப்பார்கள், தோட்டத்துக் கோயில் கட்ட ஊர்க்கோயிலிலிருந்து எடுத்துவந்த பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊரை மறந்தவர்கள்கூடச் சாமி பெயரை மறப்பதில்லை.

இலங்கை மலையகத்துக்காரர்களான எங்களுக்குக் கப்பல் பட்டியலும் இல்லையே? (ஹட்டன் வாசகர்)

தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் தன் ஊர், தன் சுற்றுவட்டாரத்து ஆட்களைத்தான் கூட்டிப்போனார். அதனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பிராக்காரர்களின் பூர்வீகத்தையும் விசாரியுங்கள். பழைய கடிதம் இருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையில் அஞ்சலகத்தின் பெயர் இருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்கள் பலர் கூடலூர், கோத்தகிரியில் குடியேறினார்கள். அங்கே சொந்தம் இருந்தால் முதலில் அங்கே வண்டியை விடுங்கள். சமவெளியில் பூர்வீக ஊரை ஒருமுறையாவது போய்ப் பார்த்தவர் அவர்களில் இருப்பார்.

ஊருக்குள் நுழைந்ததும் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்துக்குப் போகலாமா?

கடைசியில் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்று நிலப் பதிவுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் 'பங்கு கேட்க வந்திருக்கான்' என்று மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் சொந்தச் சித்தப்பா பேரன்கூடத் தெரியாது என்பார். வண்டியைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து, 'இங்கே சிலோன்காரர் வீடு, பினாங்குக்காரர் வீடு என்று ஏதாவது உண்டா?' என்று கேளுங்கள். போனவர் போய் நூறு வருடம் ஆனாலும் வீட்டுக்கு அந்தப் பட்டப்பெயர் நிற்கும். அடுத்து கோயில். மணி, குத்துவிளக்கு, வாசற்படி, டியூப் லைட் வரைக்கும் உபயம் செய்தவர் பெயர் இருக்கும். சில மணிகளில் ஊரோடு ரங்கூன், கொழும்பு என்றும் வெட்டியிருக்கும். பூசாரியிடமோ நாட்டாமையிடமோ தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் வரி) நோட்டு இருக்கும். வரி கொடுக்கிற பங்காளிகள் யார் யார் என்று அதில் தெரியும். பங்காளி கிடைத்து, அவர் கூட வந்தால் வி.ஏ.ஓ.விடம் போகலாம். 'நிலம் வேண்டாம், பெயர் தெரிந்தால் போதும்' என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

'நீங்க எந்த ஆளுங்க' என்று கேட்டால்?

கேட்பார்கள். வெளிநாட்டில் மூன்று தலைமுறையாகச் சாதியே பேசாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது அடி வயிற்றில் விழும். கப்பலேறியவர்களில் தலித் மக்கள் நிறையப் பேர். பட்டியலில் அப்படி இருந்தால் ஊர்த்தெருவில் நின்று விசாரிக்க வேண்டாம். 'அவங்கெல்லாம் எப்பவோ போயிட்டாங்க' என்று அனுப்பிவிடுவார்கள். தலித் மக்கள் குடியிருக்கும் காலனிக்கு நேராகப் போங்கள். யார் எந்தப் பஞ்சத்தில் போனார், எந்தக் குடும்பம் திரும்பவில்லை என்று அங்கே உள்ள கிழவிகளுக்குத்தான் தெரியும். உங்கள் பூட்டி நடந்த தெரு அது, தலை நிமிர்ந்து போங்கள்.

பெண் தனியாகப் போகலாமா அக்கா/அண்ணா? கார் நல்லதா, பைக்கா?

தாராளமாகப் போகலாம். தனியாகப் போனால்தான் பாட்டிகள் மனம்விட்டுப் பேசுவார்கள். தங்குவது டவுனில், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெண்கள் பலர் அரசின் ஊரக வேலைத் திட்ட வேலையில் இருப்பார்கள். ஏரிக்கரைக்கே போய்ப் பேசலாம். வண்டி சின்னக் காராக இருக்கட்டும். உள்ளூர்க்காரர் என்றால் பைக் போதும்.

எந்த மாதம் வரலாம்?

குலதெய்வக் கோயிலில் கூட்டம் கூடும் நாளில் வாருங்கள். வருடம் முழுக்கச் சென்னையிலும் திருப்பூரிலும் சிதறிக் கிடக்கிற பங்காளிகள் அன்றைக்கு ஒரே இடத்தில் பொங்கல் வைப்பார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சாஸ்தா என்றால் பங்குனி உத்திரம். மதுரை, தேனிப் பக்கம் மாசி சிவராத்திரி. வட மாவட்ட அம்மன் என்றால் ஆடி. அந்த நாட்களில் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.