நிலையைப் பெயர்க்கும் நொதி, நிறுத்தும் நொதி

கேள்வி: எங்கள் அப்பச்சி 1,500 ரூபாய்க்கு ஒரு ‘நொதிப் பானம்’ வாங்கி வைத்திருக்கிறார். அதைக் குடித்தால் செல்லின் உட்கரு வாசலெல்லாம் திறந்துகொள்ளும் என்று விற்றவர் சொன்னாராம். உட்கருவுக்கு வாசல் உண்டா? நொதி அதைத் திறக்குமா?
- ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: வாசல் உண்டு ஆச்சி. அந்த ஒன்றை மட்டும் அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். 1950-இல் காலன், டாம்லின் என்ற இருவர் உட்கரு உறையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அதில் துளைகள் இருப்பதைக் காட்டினார்கள். மனிதச் செல் ஒன்றில் இப்படி ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 வகைப் புரதங்களில் சுமார் 1,000 துண்டுகள் கோத்த வளையம். ஆனால் பூட்டித் திறக்கிற கதவு அதில் கிடையாது. சிறிய மூலக்கூறுகள் தாமாகவே போய்வரும். பெரியவை கடத்திப் புரதத்தின் துணையோடு நுழையும். திறக்க என்ன இருக்கிறது?

நொதிக்கு அங்கே வேறு வேலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வாசல்களில் தேக்குக் கதவு நிலைகள் சாத்தியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். ஆசாரி அவற்றை உடைத்தா எடுத்தார்? மூட்டில் இருக்கிற மர ஆணியைத் தட்டிவிட்டால் சட்டம் கழன்று வரும். செல் இரண்டாகப் பிரியும்போதும் வாசல்களைக் கழற்றித்தான் வைக்கிறது. என்ன, முறை தலைகீழ்: ஆணியை எடுப்பதற்குப் பதில் ஒன்றை ஒட்டுகிறது. சிடிகே1, பிஎல்கே1 போன்ற நொதிகள் வாசல் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் பிடி தளர்கிறது, துண்டுகள் பிரிகின்றன.

மரபணுக்களைத் தாங்கிய குரோமோசோம்கள் இரு பக்கமாகப் பிரிந்து முடிந்ததும் பிபி1, பிபி2ஏ என்ற நொதிகள் அதே பாஸ்பேட்டைக் கத்தரிக்கின்றன. துண்டுகளை எங்கே இறக்குவது? இம்போர்ட்டின் என்ற புரதம் அவற்றில் பலவற்றைப் பொட்டலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. புது உட்கரு எழ வேண்டிய இடமான குரோமோசோம் பக்கத்தில் மட்டும் ரான் என்ற இன்னொரு நொதி வந்து பொட்டலத்தை அவிழ்க்கிறது. எலிஸ் என்ற புரதம் முன்னாலேயே குரோமோசோமின் மேல் உட்கார்ந்து இடம் பிடித்திருக்கும். கால் மணி நேரத்துக்குள் வாசலின் பெரும்பகுதி எழுந்துவிடும். நம் ஊரில் ஒரு நிலை வைக்க நல்ல நேரம் பார்ப்பதற்கே அதைவிட அதிகம் ஆகும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். நொதியும் புரதம்தான். குடித்தால் வயிற்றில் உளுந்து செரிப்பது போலச் செரித்துப் போகும். செல்லுக்குள்ளேயே போய்விட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், போனது எந்த நொதி? பெயர்க்கிறதா, நிறுத்துகிறதா? பெயர்க்கிற நொதி வேலை முடிந்தும் அடங்காவிட்டால் வாசல் திரும்ப எழவே எழாது. விற்றவர் அடுத்த முறை வரும்போது அப்பச்சியை விட்டு இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ரசீது கொடுத்தாரா?