மென்பொருளில் வாங்கும் கடனுக்கு வட்டி எப்போது?

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கூட்டங்களில் எதற்கெடுத்தாலும் 'டெக்னிக்கல் டெட்', அதாவது தொழில்நுட்பக் கடன், என்கிறார்கள். சரிசெய்ய நேரம் கேட்டால், "கடன் இல்லாத கம்பெனி எங்கே இருக்கிறது?" என்கிறார் மேலாளர். இந்த உவமை யார் சொன்னது? பொருந்துகிறதா?
– வாசகி ஒருவர், கோவை

பதில்: உங்கள் மேலாளரை அப்படிப் பேசவைப்பதே அந்த உவமைதான். சொன்னவர் வார்ட் கன்னிங்காம், பின்னால் 1995-இல் முதல் விக்கியை, அதாவது படிப்பவர்களே திருத்தக்கூடிய இணையதளத்தை, உருவாக்கியவர். 1992-இல் வெளியான ஓர் அனுபவ அறிக்கையில் இதை எழுதினார். அவருடைய குழு அப்போது செய்துகொண்டிருந்தது வைகேஷ் என்ற முதலீட்டுக் கணக்கு மென்பொருள். நன்றாக ஓடுகிற நிரலை ஏன் திருப்பி எழுதுகிறீர்கள் என்று கேட்கிற நிதித்துறை ஆட்களுக்குக் கடன், வட்டி என்றால் சட்டெனப் புரியும், அதனால் அந்தப் பேச்சு. இன்றைக்குத் தெரிந்ததை வைத்து நன்றாகவே எழுதி வெளியிடுகிறோம், பயன்படுத்தப் பயன்படுத்த அந்த மென்பொருள் எந்தத் தொழிலுக்கோ அந்தத் தொழில் நமக்கு இன்னும் தெளிவாகிறது, அந்தத் தெளிவை நிரலுக்குள் சேர்க்காமல் விட்டால் வட்டி ஏறும், அவ்வளவுதான் அவர் சொல்லவந்தது. மோசமாக எழுதுவதற்குத் தான் ஒருபோதும் ஆதரவில்லை என்று 2009-இல் ஒரு காணொளியிலும் விளக்கிப் பார்த்தார். ஆனால் இன்று அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலத்துக்கெல்லாம் அதே பெயர்தான்.

பொருந்துகிறதா என்றால், பாதிதான். வங்கிக் கடனுக்கு மாதம் பிறந்தால் வட்டி. நிரலில் நீங்கள் கை வைக்கிற அன்றைக்குத்தான் வட்டி. ஒரு பில்லிங் மென்பொருளில் ஜிஎஸ்டி வீதத்தைத் தேதியோடு ஓர் அட்டவணையில் வைக்காமல் பில் போடும் திரை, மாதாந்திர அறிக்கை, பிரிண்ட் எடுக்கும் இடம் என்று எல்லா இடத்திலும் 12, 28 என்று நேரடியாக எழுதிவைத்திருந்தால், வருஷக்கணக்கில் ஒரு பைசா கேட்காது. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருட்களுக்கு அந்த இரண்டு அடுக்குகளும் போய் 5, 18 என்று ஆனபோது மொத்தமும் ஒரே ராத்திரியில் வந்து நிற்கும். தேடித் தேடி மாற்றினாலும் முடியாது, ஏனென்றால் முந்தின நாள் விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதற்குப் பழைய வீதமேதான் வேண்டும்.

எனக்கு இதில் ஆத்திரம் வருகிற இடம் வேறு. பரவாயில்லை, இப்போதைக்கு விடு என்று கையெழுத்துப் போட்டவர் பதவி உயர்ந்து போயிருப்பார், ராத்திரி கண்விழித்து வட்டி கட்டுகிறவர் போன மாதம் சேர்ந்த பெண்ணாக இருப்பார். கடன் என்கிற பேச்சில் இது தெரியவே தெரியாது.

அதனால் அடுத்த கூட்டத்தில் அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். இந்த மாற்றத்துக்கு இத்தனை நாள் ஆனது, அதில் இத்தனை நாள் இந்த ஒரு ஃபைலால் போனது என்று பெயரோடு சொல்லுங்கள். அதற்கு மேலாளர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கேள்வி: 'கம்ப்யூட்டர் வைரஸ்' என்பதும் இப்படி வந்த உவமைதானா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஆமாம். 1980-களில் ஃபிரெட் கோஹன் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் நிரல்களை ஆராய்ந்தபோது அவருடைய ஆசிரியர் லெனார்ட் ஏடல்மன் கொடுத்த பெயர். கூடவே தொற்று, தடுப்பு, தனிமைப்படுத்தல் என்று வைத்தியப் பேச்சும் வந்து சேர்ந்தது. பரவுவதை விளக்க அது நன்றாகவே உதவியது. ஆனால் காய்ச்சல் யாரையும் குறிவைத்து எழுதப்படுவதில்லை, இது எழுதப்படுகிறது, திறந்துகிடக்கிற ஒரு ஓட்டையைப் பார்த்துத்தான் நுழைகிறது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை 2017 மே 12 அன்று பரவி பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. எந்தெந்த கம்ப்யூட்டருக்குத் தொற்றியது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. அந்தத் திருத்தத்தைப் போடவேண்டிய பொறுப்பு யாருடையது, இரண்டு மாதம் ஏன் போடவில்லை என்றும் கேட்கவேண்டும்.