கேள்வி – பதில்: மேகமாகத் தெரியும் ஸ்பெக்ட்ரம்

சவ்வுப் புரதத்தை ஆராய ஏன் ‘திடநிலை’ என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்திசைவு)? செல் சவ்வு ஒன்றும் கல் இல்லையே!
– வாசகி, மயிலாப்பூர்

கல் இல்லைதான். ஆனால் தண்ணீரில் கரைந்த சின்னப் புரதம்போல உருண்டு புரள அதற்கு வழியில்லை. அந்த உருளல்தான் கரைசல் என்.எம்.ஆரில் கோடுகளைக் கூர்மையாக்குகிறது. லிப்பிட் (கொழுப்பு) படலத்தில் பதிந்த புரதத்தின் அதிர்வெண், அது காந்தப்புலத்தில் எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறதோ அதற்கேற்ப மாறும். எல்லாத் திசைகளும் சேர்ந்தால் கோடுகள் கலந்து ஒரே மேடு. மாதிரியைப் புலத்துக்கு 54.74 டிகிரி சாய்த்து வேகமாகச் சுழற்றினால் இந்தத் திசைபேதம் அடங்கிவிடும். 1950களின் இறுதியில் ஆண்ட்ரூவும் லோவும் தனித்தனியே காட்டிய வித்தை இது.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த, கார்பன்-13, நைட்ரஜன்-15 ஏற்றிய புரதத்தை லிப்பிடில் பதித்து 3.2 மி.மீ. ரோட்டாரில் (சுழலும் மாதிரிக் குழல்) அடைத்தோம். இருபரிமாண ஸ்பெக்ட்ரத்தில் புள்ளிகளே இல்லை, மேகம்தான். கருவியில் கோளாறா?
– ஆராய்ச்சி மாணவர், தரமணி

அதைத் தீர்த்துக்கொள்வது எளிது. பொட்டாசியம் புரோமைடு தூளைச் சுழற்றி புரோமின்-79 சிக்னலைப் பாருங்கள். சுழற்சி எதிரொலிகள் 10 மில்லிநொடி அளவுக்கு நீடித்தால் கோணம் சரி. அடமன்டேன் கோடு கூர்மையாக இருந்தால் ஷிம்மும் (காந்தப்புலச் சீராக்கல்) சரி. இரண்டும் தேறினால் குற்றவாளி மாதிரிதான்.

முதலில் லிப்பிட் அளவு. எடைக்கு எடை சமமாகத் தொடங்கி, புரதத்தைப்போல இரு மடங்கு வரை போட்டுப் பார்க்கலாம். குறைந்தால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கூடினால் முப்பது மில்லிகிராம் சொச்சம் கொள்ளும் ரோட்டாரில் லிப்பிடே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்தது, புரதத்தைக் கரைத்து வைத்திருந்த டிடர்ஜென்டை நீக்குவது. அதை உறிஞ்சும் பயோ-பீட்ஸ் மணிகளை ஒரே தடவையில் கொட்டினால் லிப்பிட் சேருமுன்பே புரதம் திரண்டுவிடும். சிறிது சிறிதாகப் போடுங்கள்; பொறுமை இருந்தால் பல நாள் டயாலிசிஸ். பதிந்ததா என்பதைச் சுக்ரோஸ் அடுக்கில் சுழற்றினால் தெரியும்: புரதமும் லிப்பிடும் ஒரே பட்டையில் நின்றால் நல்லது, புரதம் மட்டும் அடியில் படிந்தால் திரண்டுவிட்டது. பயன்படுத்தியது டி.டி.எம். என்ற, சர்க்கரைத் தலை கொண்ட டிடர்ஜென்ட் என்றால், இன்னொரு அடையாளமும் உண்டு. தளர்ந்து ஆடுபவற்றைக் காட்டும் இன்எப்ட் ஸ்பெக்ட்ரத்தில் 100 பி.பி.எம். (ஸ்பெக்ட்ர அச்சின் அலகு) தாண்டிய இடத்தில் சர்க்கரைக் கார்பன் தலைகாட்டினால் டிடர்ஜென்ட் இன்னும் போகவில்லை.

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் இறக்கிய வண்டலை எலும்பாக உலர்த்திவிடாதீர்கள். நீர் போனால் ஒவ்வொரு மூலக்கூறும் சற்றே வேறு வடிவில் உறைந்து கோடு அகலும்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். திரையில் காட்டுவது வாயுவின் வெப்பம். உராய்வால் மாதிரி அதைவிடச் சூடாக இருக்கும். உப்பு அதிகமென்றால் ரேடியோ துடிப்பும் சேர்ந்து காய்ச்சும். நீரின் புரோட்டான் சிக்னல்தான் நம்பகமான தெர்மாமீட்டர்: 25 டிகிரியில் 4.77 பி.பி.எம்., ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.01 இறங்கும். டி.எம்.பி.சி. லிப்பிட் 24 டிகிரி பக்கத்தில் இளகுவதால், சில டிகிரி வித்தியாசமே ஸ்பெக்ட்ரத்தை வேறாக்கிவிடும்.

புரதத்தை மறுபடி தயாரிப்பதானால், பாக்டீரியாவை வளர்க்கும் எம்9 ஊடகம் ஒரு லிட்டருக்கு 1 கிராம் அமோனியம் குளோரைடு, 2 முதல் 4 கிராம் குளுக்கோஸ். கார்பன்-13 குளுக்கோஸ்தான் பர்ஸைக் கரைப்பது. ஆகவே நைட்ரஜன்-15 மட்டும் ஏற்றி ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

மழைக்காலம் வந்தாலே எங்கள் ரோட்டாரின் சுழற்சி ஆடுகிறது. சென்னை ஈரப்பதம்தான் காரணமா?
– முதுநிலை மாணவி, கிண்டி

இருக்கலாம். கம்ப்ரசர் காற்றில் ஈரம் மிச்சமிருந்தால் குளிர்விக்கும் குழாயில் பனியாகப் படிந்து அடைக்கும். டிரையரின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), நீங்கள் இறக்கும் கடைசிக் குளிரைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். ஐப்பசிக்கு முன்பே உலர்த்தி மணிகளை மாற்றுங்கள். வடிகால் வால்வையும் பாருங்கள்.

ஆனால் வருணனை மட்டும் குறை சொல்லாதீர்கள். ரோட்டார் அடியிலுள்ள கறுப்பு மை அழிந்தாலும் வேகம் தாறுமாறாகக் காட்டும். ஈர மாதிரியை முதலில் 2-3 கிலோஹெர்ட்ஸில் விட்டுச் சுவரோடு படியவைத்த பிறகே ஏற்றுங்கள். முன்னும் பின்னும் ரோட்டாரை எடை போடுங்கள். எடை குறைந்தால் மூடி வழியே நீர் கசிகிறது.

டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய புரதத்தில் 60 கிலோஹெர்ட்ஸில் சுழற்றியும் ஹெலிக்ஸின் (சுருள் பகுதி) நடுப்பகுதி தெரியவில்லை.
– ஆய்வாளர், அடையாறு

சவ்வுக்குள் புதைந்த அமைடுகளை (புரதச் சங்கிலியின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் இணைப்புகள்) நீர் எட்டவில்லை. ஆகவே அங்கிருந்த டியூட்டீரியம், சிக்னல் தரும் புரோட்டானாகத் திரும்பவில்லை. டிடர்ஜென்டிலேயே புரதத்தின் மடிப்பைக் குலைத்து மறுபடி மடிக்க முடிந்தால் மாற்றலாம். இல்லையேல் 0.7 மி.மீ. ரோட்டாரில் 100 கிலோஹெர்ட்ஸ்; அங்கே டியூட்டீரியமே தேவைப்படாது, மாதிரியும் அரை மில்லிகிராம் அளவில் போதும்.

சில வளைவுப் பகுதிகள் மட்டும் காணோம். என்ன செய்வது?
– அதே ஆய்வாளர்

கிராஸ் போலரைசேஷன் என்ற அளவீட்டு முறையில் விறைப்பானவைதான் தெரியும். தளர்ந்து ஆடுபவற்றை இன்எப்ட்டில் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அசைவு மைக்ரோநொடி வேகத்தில் இருக்கக்கூடும். பத்து டிகிரி ஏற்றியோ இறக்கியோ மறுபடி எடுங்கள்.