ஆறு வயதுச் சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வழக்கறிஞர் நவநீதம் பிள்ளை நம் தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்தில் இருந்தது கொஞ்ச காலம்தான். அதுவும் தற்காலிக நீதிபதியாக. அதற்காக நம் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை போடுவது மிகையில்லையா? அவர் பங்கெடுத்த ஒரு தீர்ப்பையாவது அங்கே யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

க., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நம் மேடைகளில் "உயர் நீதிமன்ற நீதிபதியான வெள்ளையரல்லாத முதல் பெண்" என்ற பட்டத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தீர்ப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, நான் உட்பட. அந்தக் குறையை ஏற்கிறேன். ஆனால் பதவிக்காலத்தைக் கொண்டு அவரை அளப்பதை ஏற்க மாட்டேன்.

1967இல் டர்பனில் அவர் சொந்தமாக அலுவலகம் திறந்தார். வெள்ளையர் நிறுவனங்கள் வேலை தராததால் வேறு வழியில்லை. 1973இல், நிறவெறி அரசு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறையின் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை வாதாடிப் பெற்றுத் தந்தார்; அந்தக் கைதிகளில் மண்டேலாவும் ஒருவர். இத்தனைக்கும் பிறகு, 28 ஆண்டு வழக்கறிஞர் வாழ்க்கையில் ஒரு நீதிபதியின் அறைக்குள் காலடி வைக்க அவரை விடவில்லை. நிறம்தான் காரணம். 1995இல் மண்டேலா அவரை உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தபோது அவர் முதன்முதலாக நுழைந்த நீதிபதி அறை, அவருடைய அறையே. அந்தக் கதவைத் திறந்த கையை நான் பலமுறை மனதில் பார்த்திருக்கிறேன்.

அதே ஆண்டு ஐ.நா. அவரை, 1994 ருவாண்டா இன அழிப்பை விசாரிக்கும் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கு நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. உயர் நீதிமன்றக் காலம் சுருங்கியது அதனால்தான்.

நீங்கள் கேட்ட தீர்ப்பு அங்கேதான் பிறந்தது. ருவாண்டாவின் தபா என்ற ஊரின் தலைவர் அகாயேசு மீதான வழக்கு, தான்சானியாவின் அருஷாவில் நடந்தது. முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997 ஜனவரியில் ஒரு தாய் சாட்சி சொல்ல வந்தார். பதிவேட்டில் அவர் பெயர் 'ஜே' என்ற எழுத்து மட்டுமே. தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வன்புணர்ந்ததை, யாரும் கேட்காமலே அவர் சொன்னார். அமர்வின் மூன்று நீதிபதிகளில் பிள்ளை மட்டுமே பெண். அந்தச் சொற்களைக் காற்றில் போகவிடாமல் அமர்வு மேலும் கேட்டது. ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, வன்புணர்வும் இன அழிப்பின் செயலாகலாம் என்று உலகில் முதன்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் டர்பனின் கிளேர்வுட் நினைவுக்கு வரும். இன்று லாரிகள் உறுமும் அந்தப் பகுதியில்தான், காவடிக்கு நீங்களும் நானும் போகும் அதே ஊரில்தான், பிள்ளை ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாக வளர்ந்தார். அப்பாவின் மாதச் சம்பளமான ஐந்து பவுனை எடுத்துச் சென்றபோது திருடன் பறித்துக்கொண்டான். அப்போது அவருக்கும் வயது ஆறு. நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது, பணம் திரும்பவில்லை. இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்ன பிறகும் வெறுங்கையோடு வீடு திரும்பிய அந்தச் சிறுமிதான், அருஷாவில் அந்தத் தாயைக் காது கொடுத்துக் கேட்டார் என்று நான் நம்புகிறேன்.

பின்னாளில் அந்தக் கிளேர்வுட் மக்களே கைக்காசு போட்டு அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். ஆகவே மாலை போடும் உரிமை நம் சங்கத்துக்கு உண்டு, க. தீர்ப்பைப் படிக்கும் கடமையும் உண்டு. அகாயேசு தீர்ப்பில் பாலியல் வன்முறை பற்றிய பகுதியைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். 'ஜே'யின் சாட்சியம் வரும் இடத்தில் இரண்டு வாரமாகப் பேனா நகரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அரைமணி முன்னதாக வாருங்கள். அந்தப் பக்கத்தைச் சேர்ந்து முடிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்