வெயில் கூடினால் கரண்டும் கூடுமா? குமரி மாவட்டத்தின் சோலார் சந்தேகங்கள்

மாடியில் சோலார் போட்டவர்களுக்கு முதல் கோடையிலேயே வந்துவிடும் கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து: சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. 540 வாட் பேனல் 6 வைத்திருக்கிறேன். உச்சி வேளையிலும் ஆப்பில் 2,600 வாட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா அண்ணே?

அப்படித் தெரியவில்லை தம்பி. பேனல் கேட்பது வெளிச்சத்தை. சூடு அதற்கு ஆகாது. பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் 540 வாட், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ, உள்ளே கரண்ட் எடுக்கும் சிலிக்கான் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. உங்கள் ஊரில் சித்திரையில் நிழலிலேயே 33 டிகிரி. வெயிலில் கிடக்கும் கறுப்புப் பேனலுக்குள் செல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும்.

இனி டேட்டா ஷீட்டை எடுங்கள். டெம்பரேச்சர் கோயெஃபிஷியன்ட் என்ற இடத்தில், பிமேக்ஸுக்கு, அதாவது பேனல் தரும் உச்ச வாட்டுக்கு, நேரே மைனஸ் 0.35 சதவீதம் என்பது போல ஒன்று இருக்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அவ்வளவு போய்விடும். 35 டிகிரி ஏறினால் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 3,240 வாட் அங்கேயே 2,840 ஆகிவிட்டது. தூசி, ஒயர், இன்வெர்ட்டர் எல்லாமாக இன்னும் 7, 8 சதவீதத்தைத் தின்றால் மிச்சம் 2,600 சொச்சம். கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை.

விழுவது வோல்டேஜ். சிலிக்கான் சூடேறும்போது ஆம்பியர் துளி கூடும், வோல்டேஜ் அதைவிடப் பல மடங்கு இறங்கும். இன்வெர்ட்டர் திரையில் டிசி வோல்டேஜைப் பார்த்தாலே தெரியும். ஆறும் ஒரே வரிசையாக இணைத்திருந்தால், காலை இளவெயிலில் 250 வோல்ட்டை ஒட்டி நிற்பது உச்சியில் 220 பக்கம் வந்துவிடும்.

குலசேகரம்: தகர ஷீட் மேல் ஒட்டினாற்போல் வைத்தால் செலவு குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் அக்கா. பேனலின் சூடு பாதி பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். அடியில் கொதிக்கிற தகரம், நடுவில் காற்றுக்கு வழியில்லை என்றால் செல் 70 டிகிரியைத் தாண்டும். கையளவாவது, அதாவது 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி கேட்டு வாங்குங்கள். கீழ் ஓரத்தில் காற்று நுழைந்து மேல் ஓரத்தில் வெளியேற வேண்டும். அணில் கூடு கட்டும் என்று ஓரங்களைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் இடைவெளி விட்டதற்கே அர்த்தமில்லை. கம்பி வலை போதும்.

ஆரல்வாய்மொழி: எங்கள் ஊர்க் காற்றுக்குப் பேனல் சூடாகவே ஆகாதே?

ஆகும், ஆனால் குறைவாக. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று உங்கள் பேனலையும் ஆற்றிவிடும். ஆனி, ஆடியில் அது நல்ல லாபம். ஆனால் நிழலுக்காக ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டப் போகிறீர்கள் என்றால், அடியில் புகும் காற்று பேனலை மேலே தூக்கும். கால்களுக்கான அடித்தளத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

குளச்சல்: கடற்காற்று குளிர்ச்சிதானே, சார்?

குளிர்ச்சி சரி, கூடவே உப்பும் வருகிறது. சூட்டில் மிச்சப்படுத்தியதைத் துருவில் விடக் கூடாது. உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய பேனலாகக் கேளுங்கள், போல்ட், நட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தக்கலை: மத்தியானம் ஹோஸ் பிடித்து நனைத்தால் கூடுதலாக வருமா?

சில நிமிஷம் வரும். ஆனால் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்புண்டு. போர் தண்ணீராக இருந்தால் காய்ந்தபின் வெள்ளைக் கறை படியும், அது வெளிச்சத்தை மறைக்கும். விடிகாலையில் கழுவுங்கள், அழுக்குப் போவதற்காக.

மார்த்தாண்டம்: மோனோ பெர்க்கை விட டாப்கான் சூடு தாங்கும் என்று விலை கூட்டிச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தாங்கும். இரண்டுமே சிலிக்கான் பேனல் ரகங்கள்தான். மேலே சொன்ன, டிகிரிக்கு இவ்வளவு குறையும் என்கிற எண் டாப்கானில் மைனஸ் 0.30 பக்கம் இருக்கும். 60 டிகிரியில் வித்தியாசம் 2 சதவீதம்கூட வராது. விலை கிட்டத்தட்ட ஒன்றென்றால் டாப்கானே எடுங்கள்; எக்கச்சக்கமாகக் கேட்டால், நீங்கள் அனுப்பிய படத்தில் மேற்கே நிற்கும் இரண்டு தென்னைகளைப் பற்றி முதலில் யோசியுங்கள். மூன்று மணிக்கு மேல் அந்த ஓலை நிழல் எடுப்பது இந்த 2 சதவீதத்தைவிட எத்தனையோ மடங்கு.

மீண்டும் நாகர்கோவில்: ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்ததும் மீட்டர் 3,000ஐத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது. பழுதா?

பழுதில்லை. மழை பேனலைக் குளிர்வித்துவிட்டது. போதாததற்கு மேகத்தின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒளியும் நேர்வெயிலோடு சேர்ந்துகொள்ளும். அதனால் குபீரென்று ஏறுகிறது. பேனல் சூடாகச் சில நிமிஷங்கள் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும். 3,000க்கு மேல் போகவில்லை என்றால் உங்கள் இன்வெர்ட்டர் 3 கிலோவாட் என்பதுதான் காரணம். அதற்கு மேல் வருவதை அதுவே நறுக்கிவிடும்.