சீனாவின் இணையச் சுவர்

கேள்வி: விபிஎன் (இணைய இணைப்பை வேறு நாட்டுக் கணினி வழியாக மறைத்து அனுப்பும் சேவை) மூலம் சீனர்கள் ஃபேஸ்புக்கைப் பார்க்க முடிகிறது என்றால், அந்தத் தடையால் அரசுக்கு என்ன பயன்?

பதில்: 2009 மார்ச்சில் யூடியூபும், ஜூலையில் மேற்குச் சீன நகரான உரும்சியில் நடந்த கலவரத்தை அடுத்து ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அங்கே முடக்கப்பட்டன. தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்கும் கணினிக்குத் தவறான முகவரியைத் தருவது, தடைசெய்த சொல் கடந்து சென்றால் இணைப்பையே துண்டிப்பது என்று இது நடக்கிறது. விபிஎன் இதைத் தாண்டும். ஆனால் தேடும் எண்ணம் உள்ளவர்தானே தாண்டுவார்? என்னை மிகவும் வருத்துவது, வெய்போ போன்ற உள்நாட்டுத் தளங்கள் சட்டப் பொறுப்புக்கு அஞ்சித் தம் பயனர்களின் பதிவுகளைத் தாமே நீக்குவதுதான். 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியதை அத்தளங்களில் அறிய வழியில்லாத இளைஞருக்கு, தம்மிடமிருந்து ஒன்று மறைக்கப்பட்டது என்பதே தெரியாமல் போகிறது.